நள்ளிரவில் வீணாகும் சரக்கு
ஓட்டல் அறையை விற்பவர் ஒருவர். விற்றபோது சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுபவர் இன்னொருவர். இந்த இடைவெளியைச் சமாளிக்கத் தெரிந்தவர்களே நட்சத்திர ஓட்டல்களின் விற்பனைப் பிரிவில் நிலைத்து நிற்கிறார்கள்.

தக்காளி வியாபாரிக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. மாலையில் மீந்த கூடையை விலை குறைத்துத் தள்ளலாம். அல்லது காலையில் நல்லதைப் பொறுக்கி மீண்டும் கடை விரிக்கலாம். ஓட்டல்காரருக்கு அந்த வசதி இல்லை. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது; நாளை விற்கப்போவது நாளைய இரவை. நைட் ஆடிட்டர் அன்றைய கணக்கை மூடும்போது காலி அறைகள் அத்தனையும் செத்த சரக்கு. கட்டில், மெத்தை, குளியலறையில் மடித்து வைத்த துண்டு எல்லாம் அப்படியே இருக்கும். வருமானம் மட்டும் போயிருக்கும்.

இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்காகவே நட்சத்திர ஓட்டல்களில் ஒரு பிரிவு இயங்குகிறது. விருந்தினருக்கு ரிசப்ஷனில் சிரிக்கும் பெண்ணைத் தெரியும். சாமான் தூக்கி வரும் பையனைத் தெரியும். சமயத்தில் சமையல் தலைவரைக்கூடத் தெரியும். விற்பனைப் பிரிவைத் தெரியாது. ஓட்டலின் பின்கட்டில் ஒரு நெருக்கமான அறையிலிருந்து காலையில் கிளம்பி, வெயிலில் கோட்டு அணிந்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் இளைஞர்கள் அவர்கள். ஓட்டல் வேலை என்றாலே சமைப்பது, பரிமாறுவது என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ஆனால் ஓட்டலின் பொது மேலாளர் நாற்காலிக்குப் போகும் பாதைகளில் இதுவும் ஒன்று.

பெட்டியோடு நேரே வந்து அறை கேட்பவர்களை நம்பி 200 அறைகள் கொண்ட ஓட்டலை நடத்த முடியாது. மொத்தமாக வாங்குபவர்கள் வேண்டும். முதலில் வருபவை கம்பெனிகள். ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்த ஆண்டுக்கான பேரம் சூடு பிடிக்கும். 'வருஷத்துக்கு இத்தனை இரவுகள் தருகிறோம், என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?' என்று பெரிய நிறுவனங்கள் ஏலத்துக்கு விடாத குறையாகக் கேட்கும். அடுத்து விமான நிறுவனங்கள். விமானிகளும் பணிப்பெண்களும் தங்கும் அறைகளுக்கு வாடகை குறைவு; ஆனால் ஆண்டின் 365 நாளும் அவை நிரம்பும். அவர்களுக்குப் பகலிலும் இருட்டாக்கும் திரைச்சீலை வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குச் சிற்றுண்டி வேண்டும். பிறகு டிராவல் ஏஜெண்ட்டுகள் அனுப்பும் சுற்றுலாக் குழுக்கள், மருந்து கம்பெனிகளின் மாநாடுகள், அரசு விருந்தினர்கள், எல்லோருக்கும் மேலாகக் கல்யாணங்கள்.

கல்யாண மண்டபத்தை விற்கும் நிர்வாகியின் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் இருப்பது வேடிக்கை அல்ல. சென்னையில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வடக்கே சாதுர்மாஸ காலத்திலும், மார்கழியை ஒட்டிய கர்மாஸ் நாட்களிலும் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. அந்தக் காலி நாட்களில் மாநாடுகளைக் கொண்டுவந்து அடைப்பவர் கெட்டிக்காரர். நல்ல முகூர்த்த நாளில் மலிவு விலைக்கு ஒரு கருத்தரங்குக்கு ஹாலைக் கொடுத்துவிட்டு, பிறகு தேடி வரும் கல்யாண வீட்டாரைத் திருப்பி அனுப்புபவர் சீக்கிரமே பொது மேலாளரின் அறைக்கு அழைக்கப்படுவார்.

வேலையின் அடிப்படை கணக்கு. 100 அறை கொண்ட ஓட்டலில் 70 அறைகள் 5,000 ரூபாய்க்குப் போனால் வருமானம் 3,50,000 ரூபாய். 60 அறைகளே 6,000 ரூபாய்க்குப் போனால் 3,60,000. ஓட்டல் நிரம்பியிருப்பது கண்ணுக்கு அழகு. ஆனால் லாபம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து அறைகளைச் சுத்தம் செய்யும் செலவும் இரண்டாவது கணக்கில் மிச்சம். அதனால்தான் எத்தனை சதவீத அறைகள் நிரம்பின என்பதையும் சராசரி வாடகையையும் தனித்தனியே பார்ப்பதோடு நிற்காமல், மொத்த வருமானத்தை எல்லா அறைகளுக்கும் வகுத்துப் பார்க்கிறார்கள். காலி அறையும் இந்த வகுத்தலில் சேரும் என்பதால் யாரும் ஏமாற்ற முடியாது.

வரியும் இந்தக் கணக்கில் மூக்கை நுழைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் கொடுப்பது 7,875. வாடகையை நூறு ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் அவர் கொடுக்க வேண்டியது 8,968. ஓட்டல் கேட்டது நூறு. விருந்தினர் கையை விட்டுப் போவது 1,093. அந்த வரியைக் கம்பெனி தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியுமா என்பது, ஓட்டல் இருக்கும் மாநிலத்தில் அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு உண்டா என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சொல்லத் தெரிந்த நிர்வாகிக்கு மதிப்பு கூடுகிறது.

கணக்கைக் கற்றுக்கொடுக்கக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தத் தொழிலின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோப்பு விற்பவர் கையில் சோப்பு இருக்கும். ஓட்டல் விற்பனையாளர் கையில் இருப்பது வெறும் வார்த்தை. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், ரிசப்ஷன்காரர்கள், சமையல்காரர்கள். விற்றவர் அந்த நேரத்தில் அடுத்த வாடிக்கையாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாதாரண உதாரணம். மாதக் கடைசி, இலக்கு எட்டவில்லை. 300 பேர் கலந்துகொள்ளும் மாநாடு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் 60 பேருக்குக் காலை எட்டு மணிக்கே அறை வேண்டும் என்கிறார் ஏற்பாட்டாளர். 'அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார் விற்பனை நிர்வாகி. முந்தைய இரவு தங்கியவர்கள் காலி செய்வது நண்பகலில். ஓர் அறையைத் தயார் செய்ய அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், 60 அறைக்கு 30 மணி நேர உழைப்பு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் இறங்கினாலும் மூன்று மணி நேரம். எட்டு மணிக்கு வந்து சேர்ந்த 60 பேரும் பெட்டிகளோடு வரவேற்பறையில் காத்திருக்க, வசவு வாங்குவது ரிசப்ஷனில் நிற்கும் 22 வயதுப் பெண்.

ஓட்டல் நிர்வாகத்தில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. இந்திய ஓட்டல்களில் 'ஃபங்ஷன் பிராஸ்பெக்டஸ்' என்று அழைக்கப்படும் தாள் அது. எத்தனை பேர், எந்த ஹால், நாற்காலிகள் எந்த வரிசையில், மைக் எத்தனை, ஜைன உணவு எத்தனை பேருக்கு, பில் யார் பெயரில் என்று எல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பிரிவுகளுக்கும் அது போகும். அதில் எழுதியது நடக்கும். டெலிபோனில் சொன்னது, காரிடாரில் நடந்தபடி சொன்னது எல்லாம் காற்றோடு போகும். விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் எப்படிப்பட்டவர் என்று மற்றப் பிரிவுகள் கணிப்பது அவர் கொண்டுவரும் வியாபாரத்தை வைத்து அல்ல. அவர் அனுப்பும் தாளை வைத்து. முன்கூட்டியே கேட்டுவிட்டு வாக்குக் கொடுப்பவருக்கு, அவசரத்தில் நான்கு அறைகளை முன்னதாகவே தயார் செய்து தர ஆள் இருக்கும். கேட்காமல் அள்ளி வீசுபவருக்கு, சட்டப்படி என்ன உண்டோ அதுதான் கிடைக்கும்.

இந்தியாவின் பெரிய ஓட்டல்காரர்கள் சிலர் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் படிக்கவில்லை. மோகன் சிங் ஓபராய் 1922இல் சிம்லாவின் செசில் ஓட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர். 1934இல் மனைவியின் நகைகளையும் மற்றச் சொத்துகளையும் அடகு வைத்து அதே ஊரில் கிளார்க்ஸ் ஓட்டலை வாங்கினார். அடுத்து அவர் கை வைத்தது கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலில். 1933இல் டைபாய்டு பரவி உயிர்கள் பறிபோனதால் பெயர் கெட்டு, பிறகு மூடப்பட்டுக் கிடந்த கட்டடம் அது. 1930களின் பிற்பகுதியில் அதைக் குத்தகைக்கு எடுத்தார். அறைகளுக்குக் குறையில்லை; அங்கே தங்கலாம் என்ற நம்பிக்கைதான் இல்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஆயிரக்கணக்கான படைவீரர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். தனித்தனி விருந்தினரைத் தேடுவதைவிட மொத்தமாக வாங்கும் ஒருவரைப் பிடிப்பது எப்படிப்பட்ட வியாபாரம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது. 1943இல் ஓட்டலே ஓபராயின் சொந்தமானது.

லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் வந்தது ஜவுளி ஏற்றுமதியிலிருந்து. மும்பையில் அவரது முதல் ஓட்டல் திறந்தது 1986இல், வயது அறுபதைக் கடந்த பிறகு. அதற்கு முன்பே அவர் பெயர் ஒரு விற்பனைக் கதையில் அடிபட்டிருக்கிறது. சென்னைப் பகுதியில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட கைத்தறித் துணியை 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் வாங்கினார். இதன் சாயம் கரையும், குளிர்ந்த நீரில் மென்மையாகத்தான் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கடைசியில் சட்டை வாங்கிய அமெரிக்கரிடம் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்ட துணி சாயம் கக்கியது, புகார்கள் குவிந்தன. பிறகு அதையே ஒரு சிறப்பாக மாற்றி, 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' நாகரிகமாகிவிட்டது.

இந்தக் கதையை விளம்பர சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். ஓட்டல் விற்பனையில் இறங்குபவர் கவனிக்க வேண்டியது அதன் முதல் பாதியை. விற்றவர் உண்மையைச் சொல்லியிருந்தார். இடையில் இருந்தவர் அதைக் கடத்தவில்லை. மார்க்கெட்டிங் என்பது முகம் தெரியாதவரை விளம்பரத்தாலும் படத்தாலும் வாசல்வரை அழைத்து வருவது. விற்பனை என்பது முகம் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்குவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிபந்தனை தொலைந்தால், ஓட்டலில் அதை மறுபடி விளம்பரமாக்கும் அதிர்ஷ்டம் யாருக்கும் வாய்ப்பதில்லை. கடல் தெரியும் அறை என்றால் கடல் தெரிந்தாக வேண்டும்.

இந்த வேலைக்குள் நுழைய வாசல்கள் பல. மும்பை தாதரில் 1954இல் தொடங்கிய ஓட்டல் நிர்வாகக் கல்லூரியும் சென்னை தரமணியில் உள்ள கல்லூரியும் மத்திய அரசின் நிறுவனங்கள். இவற்றில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1982இல் அமைக்கப்பட்ட தேசியக் கவுன்சிலின் கீழ் நாடு முழுக்க இத்தகைய கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் சமையலறைக்கு வேண்டிய அளவுக்கு விற்பனைப் பிரிவுக்கு இந்தப் பட்டம் கட்டாயம் இல்லை. பி.காம்., பி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்களும் வருகிறார்கள். ரிசப்ஷனில் ஓரிரு ஆண்டுகள் நின்றுவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்குத்தான் அனுகூலம் அதிகம். ஓட்டலால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் படி பெரும்பாலும் விற்பனை ஒருங்கிணைப்பாளர்: அலுவலகத்தில் உட்கார்ந்து விலைக் கடிதம் எழுதுவது, ஒப்பந்தம் தயாரிப்பது, பதில் வராத கடிதத்தை நினைவூட்டுவது. அடுத்து விற்பனை எக்ஸிகியூட்டிவ். நாள்தோறும் கம்பெனிகளை நேரில் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரை அழைத்து வந்து ஓட்டலைச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு உதவி மேலாளர், மேலாளர், விற்பனை இயக்குநர், விற்பனையும் மார்க்கெட்டிங்கும் சேர்ந்த பிரிவின் இயக்குநர். தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த நண்பனைப் பொறாமைப்பட வைக்காது.

பெரிய ஓட்டல் குழுமங்கள் டில்லி, மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் தனி விற்பனை அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. மும்பையில் உட்கார்ந்துகொண்டு உதய்பூர் அறையையும் கோவை அறையையும் விற்பார்கள். வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தமிழையும் தெருவில் கற்ற இந்தியையும் மராத்தியையும் காசாக்கக்கூடிய இடம் இது. தொழிலை நேரில் பார்க்க விரும்புபவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து இரண்டாண்டுக்கு ஒரு முறை கொச்சியில் கூடும் கேரளா டிராவல் மார்ட் போன்ற சந்தைகளைக் கவனிக்கலாம். வீட்டில் நான்கு அறை வைத்திருப்பவரும் நட்சத்திர ஓட்டல்காரரும் அங்கே வெளிநாட்டு ஏஜெண்ட்டுகளுக்கு எதிரே உட்காருகிறார்கள்.

செல்போனில் விரலால் தட்டி அறை எடுக்கும் காலத்தில் இந்த ஆட்கள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஓர் இரவு தங்குபவரின் வியாபாரம் பெரும்பாலும் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டது உண்மை. அங்கே விற்கும் ஒவ்வோர் அறைக்கும் ஓட்டல் கணிசமான கமிஷன் கொடுக்கிறது. தங்களிடம் உள்ள விலையைவிடக் குறைவாக ஓட்டல் வேறெங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை பெரிய சர்ச்சையானது. இத்தகைய நடைமுறைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஇபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அறை விலையை நாளுக்கு நாள் ஏற்றி இறக்க இப்போது தனி மேலாளர் இருக்கிறார். ஆனால் 300 பேர் மாநாட்டையோ மகளின் கல்யாணத்தையோ பொத்தானை அழுத்தி யாரும் வாங்குவதில்லை. ஏதாவது தவறினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

அந்த மனிதராக இருப்பது எத்தனை பாரம் என்பது 2020இல் தெரிந்தது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு. வெளிநாட்டு விமானங்களின் வழக்கமான சேவை மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்றுதான். விற்க ஒன்றுமில்லாத விற்பனைப் பிரிவுகள், தனிமைப்படுத்தப்பட்ட பயணிகளுக்கு அறைகளை விற்றன. சாப்பாட்டுப் பொட்டலம் விற்றன. தாஜ் ஓட்டல்களை நடத்தும் நிறுவனமே அந்த ஆண்டு 'க்யூமின்' என்ற பெயரில் வீட்டுக்கு உணவு அனுப்பத் தொடங்கியது. கல்யாணத்துக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களிடம் இருந்தது ஓட்டல் முதலாளியின் எண் அல்ல, கையெழுத்து வாங்கிய எக்ஸிகியூட்டிவின் எண். போனை எடுத்தவர்களும் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. கல்யாண வீட்டார் இரண்டு தரப்பையும் மறக்க மாட்டார்கள்.

சாதாரண நாட்களிலும் சுமைகள் குறைவில்லை. மாத இலக்கு தலைக்கு மேல் தொங்கும். கம்பெனிகள் தங்கிவிட்டுப் பிறகு பணம் அனுப்பும் கடன் கணக்கில் பாக்கி விழுந்தால், வசூலுக்கு அலைவதும் விற்றவர் தலையில்தான் விழும். வாடிக்கையாளருக்கு அளிக்கும் இரவு விருந்துகள் வேலையின் ஒரு பகுதி. பெண்களுக்கு இது கூடுதல் சங்கடம். வியாபாரம் தருபவர் வரம்பு மீறினால், இலக்கை நினைத்துச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையின் பொருட்டுப் போகும் வெளியிடமும் பணியிடமே. வேலையில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்து பாதுகாப்பு தருவதும் நிறுவனத்தின் கடமை. வேலையில் சேரும்போதே ஓட்டலின் புகார்க் குழு எது, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓட்டல் விற்பனையாளர்கள் அடிக்கடி ஓட்டல் மாறுகிறார்கள். ஒப்பந்தம் பழைய ஓட்டலின் அலமாரியிலேயே இருந்துவிடும். ஆனால் பத்தாண்டு பழகிய கம்பெனி அதிகாரி, அடுத்த மாநாட்டுக்கு இடம் தேடும்போது பழைய ஓட்டலுக்கு முன்னதாக இவருக்குப் போன் செய்வார். அவர் சொன்னால் சொன்னபடி நடக்கும் என்ற எண்ணம்தான் காரணம். சம்பளப் பேச்சின்போது புதிய ஓட்டல் விலை போடுவதும் இந்த எண்ணத்துக்குத்தான். இதைச் சேர்த்து வைக்க ஒரு சின்னப் பழக்கம் உதவுகிறது. வாடிக்கையாளர் கேட்டதும் 'ஆகட்டும்' என்று சொல்லிவிடாமல், 'பத்து நிமிஷம் கொடுங்கள், ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லி, பத்தாவது நிமிஷம் தவறாமல் போன் செய்வது.